ஹோமா, ப்ரோவா: தப்பான கம்ப்யூட்டரில் போட்ட காசு

பெங்களூர் அல்சூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல், பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றுதான் என் அலுவலகம். ஆள் நான் ஒருவன்தான். பதினேழு கடைக்காரர்களுக்கு டேலி என்கிற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதி, மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது தொழில். கம்ப்யூட்டரை இருபது வருடமாகப் பயன்படுத்துகிறேன். ஆனால் விண்டோஸில் ஹோம் என்றும் ப்ரோ என்றும் இரண்டு இருக்கின்றனவே, அதில் எது எதற்கு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்காமல் இருந்ததற்கு எவ்வளவு கொடுத்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வாசலில் நின்றபோது யாராவது ஒருவர் என் தோளைத் தட்டி இரண்டு வரி சொல்லியிருந்தால் போதும், இத்தனையும் நடந்திருக்காது.

2024 ஜனவரியில் லேப்டாப் வாங்கப் போனேன். அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு டெஸ்க்டாப் இருந்தது. 2022ல் வாங்கியது, வாங்கும்போதே விண்டோஸ் 11 போட்டுத்தான் வந்தது. டேலி, பதினேழு பேரின் தரவு, ஸ்கேன் செய்த பில்கள் எல்லாம் அதில்தான். அப்பாவுக்கு எண்பதை நெருங்குகிறது, ஜோலார்பேட்டை பக்கம் தங்கை வீட்டில் இருக்கிறார். அடிக்கடி ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது, அங்கிருந்தே அலுவலகக் கம்ப்யூட்டரைத் திறந்து வேலை பார்க்க வேண்டும் என்று திட்டம். கடைக்காரர் தருமபுரிக்காரர், தமிழிலேயே பேசினார். ஒரே அளவு, ஒரே பிராசசர், இரண்டு லேப்டாப். ஒன்று ஹோம், இன்னொன்று ப்ரோ. வித்தியாசம் 6,500 ரூபாய். “ஹோம்னா வீட்டுக்கு சார், ப்ரோன்னா ஆபீஸுக்கு. நீங்க ஆபீஸ்தானே வச்சிருக்கீங்க?” என்றார். பெயரே அப்படித்தானே சொல்கிறது? நானும் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எந்த வேலைக்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்று யாராவது என்னைக் கேட்டால் முதலில் சொல்வது இதுதான்: கடைக்குப் போகும் முன் ஒரு துண்டுத் தாளில் “இந்தக் கம்ப்யூட்டரில் நான் என்ன செய்யப் போகிறேன், எங்கே உட்கார்ந்து செய்யப் போகிறேன்” என்று எழுதிக்கொண்டு போங்கள். இரண்டாவது கேள்விதான் எனக்கு வினையாக வந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு வீடியோவைப் பார்த்து எல்லாவற்றையும் நானே செய்தேன். இரண்டு கம்ப்யூட்டரையும் இணைக்கிற விபிஎன் செயலி ஒன்றைப் போட்டேன். ஒரு கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இன்னொன்றின் வழியாக இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட்டை, அதாவது அதற்கான நுழைவாசலை, ரவுட்டரில் நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள் என்று வீடியோக்காரர் சொன்னதை நல்லபடியாகக் கேட்டுக்கொண்டேன். 3389 என்ற அந்த போர்ட் எண்ணைத் தேடிக் கதவு கதவாகத் தட்டுவதற்கென்றே உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். அப்புறம் அவர் “செட்டிங்ஸில் சிஸ்டம் போய் ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்யுங்கள்” என்றார். மடியில் இருந்தது லேப்டாப். அதில் ஆன் செய்தேன். பச்சையாக எரிந்தது. முடிந்தது வேலை என்று மூடி வைத்தேன். ஒரு முறைகூட வெளியே போய்ச் சோதித்துப் பார்க்கவில்லை. ஆறு மாதம் அப்படியே போயிற்று.

ஜூலை 17, புதன்கிழமை. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. வாணியம்பாடியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகத் தங்கை அழுதுகொண்டே சொன்னாள். மாதத்தின் 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ரிட்டர்னுக்குக் கடைசி நாள் என்பது என்னைப் போன்றவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய், வரி பாக்கி இருந்தால் அதன் மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஒன்பது பேருக்கு இன்னும் போட வேண்டியிருந்தது. ஆனாலும் பதற்றப்படாமல்தான் கிளம்பினேன். லேப்டாப் பையில் இருக்கிறதே, அதுவும் ப்ரோ.

வியாழன் ராத்திரி அப்பா மருந்தில் தூங்கினார். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இணைப்பைக் கொடுத்தேன். சுற்றிச் சுற்றி ஒரு பெட்டி வந்தது: இணைக்க முடியவில்லை, இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். ஒன்று, அந்தக் கம்ப்யூட்டரில் தொலை அணுகல் அனுமதிக்கப்படவில்லை. இரண்டு, அது அணைந்திருக்கிறது. மூன்று, நெட்வொர்க்கில் இல்லை. ஒன்றாவதை நான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை, அதைத்தான் ஆன் செய்தாயிற்றே. பெங்களூரில் மின்சாரம் போயிருக்கும் என்று நினைத்தேன். காலையில் ஜெராக்ஸ் கடை அண்ணனுக்குப் போன் செய்து மாடிக்கு அனுப்பினேன். சாவி அவரிடம் ஒன்று இருக்கிறது. “ஓடிக்கிட்டுத்தான் இருக்குப்பா, விளக்கு எரியுது” என்றார். சரி, மூன்றாவது காரணம். விபிஎன்னைக் கழற்றி மாட்டினேன், மருத்துவமனை வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்குப் போனேன், மறுபடி வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை எந்த நாள் தெரியுமா? 2024 ஜூலை 19. டிவியில் மதியத்திலிருந்து ஒரே செய்தி, விண்டோஸ் உலகம் முழுக்க விழுந்துவிட்டது என்று. விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது வந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆஹா, தப்பு என்னுடையது இல்லை, உலகத்துக்கே விண்டோஸ் ஓடவில்லை, சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிடுவார்கள் என்று நாளெல்லாம் காத்திருந்தேன். உண்மையில் அன்றைக்குக் கெட்டது விண்டோஸ் அல்ல. பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்துப் போடுகிற கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் ஒன்று தவறாகப் போய், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. அந்த மென்பொருள் இல்லாத என் டெஸ்க்டாப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஊரெல்லாம் பேசுகிற காரணம் நம் வீட்டுக் கோளாறுக்கும் பொருந்திவிடும் என்று நம்புவது எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரு முழு நாள் அப்படிப் போயிற்று.

சனிக்கிழமை காலை அப்பாவுக்கு ஆபரேஷன். சனிக்கிழமைதான் 20ஆம் தேதியும். “அண்ணா, நீ போ, நான் பார்த்துக்கறேன்” என்று தங்கை சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினேன். விடியற்காலை வண்டியைப் பிடித்து, கன்டோன்மென்டில் இறங்கி, அலுவலகத்துக்கு வந்து டெஸ்க்டாப் முன்னால் உட்கார்ந்தேன். செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப். லேப்டாப்பில் பச்சைப் பொத்தான் இருந்த அதே இடத்தில் இங்கே பொத்தானே இல்லை. உங்கள் ஹோம் பதிப்பில் ரிமோட் டெஸ்க்டாப் வசதி கிடையாது என்று ஒரு வரி. அவ்வளவுதான். நான் அதை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்கு விஷயமே புரிந்தது. ரிமோட் டெஸ்க்டாப்புக்கு இரண்டு முனை. ஒன்று போய்க் கதவைத் தட்டுகிற கம்ப்யூட்டர். இன்னொன்று கதவைத் திறந்துவிடுகிற கம்ப்யூட்டர். தட்டுவதற்கு எந்தப் பதிப்பும் போதும், போனிலிருந்துகூடத் தட்டலாம். திறந்துவிடுவது ப்ரோவாலும் அதற்கு மேலுள்ள பதிப்புகளாலும் மட்டும்தான் முடியும். நான் ப்ரோவை வாங்கித் தட்டுகிற கையில் வைத்துக்கொண்டு, திறக்க வேண்டிய இடத்தில் ஹோமை உட்கார வைத்திருந்தேன். 6,500 ரூபாய் கொடுத்து, தப்பான பக்கத்துக்குப் பூட்டு வாங்கியிருக்கிறேன்.

அன்றைக்கு ஆறு பேருக்குப் போட்டேன். மூன்று பேரை ஓடிபிக்குப் பிடிக்க முடியவில்லை, அவர்களுக்குத் திங்கட்கிழமைதான் போட முடிந்தது. தாமதக் கட்டணம் ஆளுக்கு நூறு, மொத்தம் முந்நூறு ரூபாய், வட்டி இன்னும் கொஞ்சம். என் கையிலிருந்தே கட்டினேன். பெரிய தொகையில்லை. ஆனால் அந்த மூவரில் ஒருவர், ஆறு வருட வாடிக்கையாளர், அடுத்த மாதம் வேறு ஆளிடம் போய்விட்டார். மாதம் 1,500 ரூபாய். காரணம் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை. ஆபரேஷன் முடிந்து அப்பா கண் விழித்ததும் போனில் கேட்ட முதல் கேள்வி, “கணக்கு முடிஞ்சுதாப்பா?” என்பதுதான். முடிந்தது என்று சொன்னேன்.

இதிலிருந்தாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. டெஸ்க்டாப்பை ப்ரோவாக மாற்றிவிட வேண்டும் என்று ஒரு வெறி. ஹோமிலிருந்து ப்ரோவுக்குப் போவது சுலபம், எதையும் அழிக்க வேண்டாம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே பணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம். அங்கே காட்டிய விலையைப் பார்த்ததும் மனசு வரவில்லை. இணையத்தில் தேடினால் 649 ரூபாய்க்கு “லைஃப்டைம் ப்ரோ கீ” கிடைக்கிறது. ஜூலை 24ஆம் தேதி வாங்கினேன். கீயோடு ஒரு சின்ன ஃபைலும் வந்தது, வலது கிளிக் செய்து அட்மினிஸ்டிரேட்டராக ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். கறுப்புத் திரையில் ஏதோ ஓடியது, ப்ரோ வந்தது. லைசென்ஸ் செல்லுமா என்று காட்டுகிற ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். “உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்” ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று எழுதியிருந்தது. நிறுவனமாம்! ஒற்றை ஆள் அலுவலகத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று சிரித்துக்கொண்டேன்.

சிரிக்கக் கூடாத வரி அது. பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குத் தங்களுக்குள்ளேயே ஒரு சர்வர் வைத்து விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் ஏற்பாட்டுக்கு கேஎம்எஸ் என்று பெயர். அதில் ஆக்டிவேஷன் 180 நாளுக்குத்தான் செல்லும். அதற்குள் கம்ப்யூட்டர் அந்த சர்வரை மறுபடி தொட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காலாவதி. எனக்கு விற்றவர் எங்கேயோ ஒரு சர்வரை வைத்து என் கம்ப்யூட்டரை அதன் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார். நானோ லைஃப்டைம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உங்கள் கம்ப்யூட்டரில் ஆக்டிவேஷன் பக்கத்தை இப்போதே திறந்து பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. நீங்கள் எந்த நிறுவனத்திலும் வேலை செய்யாதபோது அது நிறுவனத்தின் பெயரைச் சொன்னால், கொடுத்த காசு போயிற்று என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் நன்றாகவே ஓடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பா வாக்கர் பிடித்து நடக்கக் கற்றுக்கொண்ட மாதங்களில் ஊரிலிருந்தே நான்கு ரிட்டர்ன் சுற்றை முடித்தேன். பொங்கல் முடிந்து வந்த திங்கட்கிழமை, 2025 ஜனவரி 20, திரையின் வலது மூலையில் சாம்பல் நிறத்தில் “விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள்” என்று எழுத்து தெரிந்தது. காலண்டரை எண்ணிப் பார்த்தேன். சரியாக 180 நாள். நல்லவேளை, அந்த மாதம் ஜிஎஸ்டி போர்ட்டல் மக்கர் செய்ததால் கடைசித் தேதியை 22 வரை நீட்டித்திருந்தார்கள். விற்றவரின் பக்கம் போன இடம் தெரியவில்லை.

எழுத்து மூலையில் கிடந்தால் கிடக்கட்டும், வேலை நடக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். என் வாடிக்கையாளர் ஒருவரின் மகன் ஐடியில் இருக்கிறான், ஒயிட்ஃபீல்டில் வேலை. அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் கீயைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. “அங்கிள், அந்த ஃபைலுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பார்த்தீங்களா?” என்றான். பார்க்கவில்லை. பதினேழு குடும்பங்களின் பான் எண், வங்கிக் கணக்கு, வியாபாரம் எல்லாம் இருக்கிற கம்ப்யூட்டரில், முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய ஃபைலை அட்மினிஸ்டிரேட்டராக ஓட்டியிருக்கிறேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நடந்த எல்லாவற்றிலும் எனக்கு இன்றுவரை உறுத்துவது அந்த ஒரு கிளிக்தான். வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்லவுமில்லை, இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழைய ஹோமையே போடுவது என்று முடிவானது. ப்ரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க, ஏறியது போலச் சுலபமான வழி கிடையாது, புதிதாக நிறுவ வேண்டும். பழைய லைசென்ஸ் போயிருக்குமோ என்று பயந்தேன், போகவில்லை. பிராண்ட் கம்பெனிகள் விண்டோஸோடு விற்கிற கம்ப்யூட்டர்களில் லைசென்ஸ் கீயை மதர்போர்டிலேயே பதித்து அனுப்புகிறார்கள். நிறுவும்போது விண்டோஸ் அதை எடுத்துப் படித்து, வந்தபோது இருந்த பதிப்பை அதுவாகவே தேர்ந்துகொள்கிறது. எனக்கு வந்தது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். இந்தியாவில் விற்கிற கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இதைப் பார்க்கலாம். திரையில் வருகிற மொழியை மாற்ற முடியாது என்பதுதான் சாதா ஹோமுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். தமிழில் டைப் செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை, அதை நினைத்து யாரும் தயங்க வேண்டாம்.

குடியரசு நாளுக்கு முந்தின சனிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சி டிரைவை மட்டும் அழித்தேன், தரவு இருக்கும் டி டிரைவைத் தொடவில்லை. மதியத்துக்குள் ஹோம் வந்துவிட்டது. டி டிரைவைத் திறந்தால், பூட்டுப் படம். கை சில்லிட்டுப் போயிற்று. ப்ரோ வந்த புதிதில், கிடைத்ததே என்று, டிரைவைப் பூட்டிவைக்கிற பிட்லாக்கரை இரண்டு டிரைவுக்கும் போட்டிருந்தேன். டி தானாகத் திறந்துகொள்ளும்படி அமைத்திருந்தேன். அந்தத் தானாகத் திறக்கிற சாவி பழைய சி டிரைவில் இருந்தது, அதைத்தான் காலையில் அழித்தேன். விண்டோஸைத் திரும்பப் போடுவதற்கு முன் பிட்லாக்கரை அணைத்துவிட வேண்டும் என்று தெரியாது. பென் டிரைவில் இருந்த டேலி பேக்கப் மூன்று வாரப் பழசு.

இனி ஒரே வழி 48 இலக்க மீட்புச் சாவி. அதைக் கீழே ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தது நினைவிருந்தது. எங்கே வைத்தேன் என்பதுதான் இல்லை. பீரோ, மேஜை, பழைய பில் கட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து, இரண்டு மணி நேரம் கழித்து பிரின்டருக்கு அடியில், ஆட்டம் நிற்க மடித்துச் சொருகியிருந்த தாள்களில் கிடைத்தது. இரண்டு தாள். ஒவ்வொன்றிலும் சாவிக்கு மேலே ஒரு அடையாள எண் இருக்கும், திரையில் கேட்கிற எண்ணோடு அதை ஒப்பிட்டுத்தான் எது டிக்கு உரியது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தேன். ஆனால் டீ கிளாஸின் வளையம் ஒன்று சரியாக ஒரு இலக்கத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. 305, அப்புறம் 3ஆ 8ஆ தெரியவில்லை, அப்புறம் 16.

அந்த ஐடி பையனுக்குப் போன் செய்தேன். அவன் சொன்னது எனக்கு அதிசயமாக இருந்தது. அந்த 48 இலக்கமும் ஆறு ஆறாக எட்டுக் கட்டு, ஒவ்வொரு கட்டும் 11ஆல் மீதியில்லாமல் வகுபடும்படிதான் அமைந்திருக்குமாம். பிறகென்ன, கணக்கு எழுதுகிறவனுக்கு இது ஒரு வேலையா? பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வழி: ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழி. 3, 5, 1 கூட்டினால் 9. 0, தெரியாதது, 6. அதுவும் 9 ஆக வேண்டும் என்றால் தெரியாதது 3. 8 என்றால் 14, வித்தியாசம் 5, வகுபடாது. 305316. பதினொன்றால் வகுத்தும் பார்த்துக்கொண்டேன், 27756. எட்டுக் கட்டையும் விரலால் தொட்டுத் தொட்டு அடித்தேன். டி திறந்தது. அந்த நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

ஹோம்தானே, நமக்கு இந்தச் சாவித் தொல்லை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஹோமிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பிட்லாக்கரின் எளிய வடிவம் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 11இன் 24ஹெச்2 என்ற வெளியீட்டைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கம்ப்யூட்டர்களில் கேட்காமலே தானாக ஆன் ஆகிவிடுகிறது. அன்று சாயங்காலம் பார்த்தபோது என் புதிய சி டிரைவும் பூட்டியாகியிருந்தது. அதன் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா, அது எந்த மெயிலில் இருக்கிறது, கடைக்காரப் பையன் அவன் மெயிலைப் போட்டுத் திறந்து கொடுத்தானா என்று இன்றைக்கே பாருங்கள். மதர்போர்டு போனால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது அந்தச் சாவியைத்தான்.

மறுபடி ரிமோட் இல்லாத நிலைக்கு வந்து சேர்ந்தேன். லேப்டாப்பில் இருக்கிற ப்ரோவைக் கழற்றி டெஸ்க்டாப்பில் போட முடியுமா என்று பையனிடம் கேட்டேன். முடியாது, கம்ப்யூட்டரோடு வருகிற லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டரோடேயே போகும். தனியாகக் கடையில் வாங்குகிற ரீடெயில் லைசென்ஸைத்தான் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு மாற்றலாம். விலை வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஒருவருக்கு மட்டும் என்றால் ப்ரோவே வேண்டாம், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்றவை ஹோமிலும் ஓடும், முன்கூட்டியே அந்தக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தால் போதும் என்றான். இதைத்தான் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “அங்கிள், அந்த ப்ரோ லேப்டாப் சும்மாதானே இருக்கு? அதையே ஆபீஸ்ல வச்சுட்டா என்ன?” என்றான்.

ஒரு வருடமாக என் மண்டைக்குள் நுழையாத யோசனை. கொண்டு போவதற்காக வாங்கியதால், லேப்டாப் என்றால் கொண்டுதான் போக வேண்டும் என்று வைத்திருந்தேன். டேலியையும் தரவையும் லேப்டாப்புக்கு மாற்றி, அதற்குப் பெரிய மானிட்டரைப் பூட்டி அலுவலகத்தில் உட்கார வைத்தேன். ஊருக்குக் கொண்டுபோக மகளின் பழைய லேப்டாப், விண்டோஸ் 10 ஹோம். கதவைத் தட்ட அது தாராளமாகப் போதும். ஒரு பைசா செலவில்லை. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது, அந்த பிராசசரை 11 ஏற்றுக்கொள்ளாது. 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கிற நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட்டில் சேர்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அதையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

இந்த முறை சோதித்தேன். கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மொபைல் டேட்டாவில் இணைத்தேன். முதல் தடவை உள்ளே விடவில்லை. தினமும் அடிக்கிற நாலு இலக்கப் பின் நம்பர் அங்கே செல்லாது, முழு பாஸ்வேர்டுதான் வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்காக இருந்தாலும் உள்ளே விடாது. இரண்டாம் தடவை உள்ளே போய், பத்து நிமிடத்தில் அறுந்தது. மாடிக்கு ஓடிப் பார்த்தால் லேப்டாப் தூங்கிவிட்டிருந்தது. சார்ஜரில் இருக்கும்போது தூங்கவே கூடாது, மூடியை மூடினாலும் ஒன்றும் செய்யக் கூடாது என்று பவர் செட்டிங்கில் மாற்றினேன். பேட்டரி உப்பாமல் இருக்க 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி அந்த மாடலில் இருந்தது, அதையும் போட்டேன். இப்படி மூன்று நாள், மூன்று டீ.

வேறு எதற்காகவெல்லாம் ப்ரோ வேண்டும் என்று என்னை இப்போது ஆட்கள் கேட்கிறார்கள், ஏதோ எனக்குத் தெரிந்துவிட்டது போல. வேகத்துக்காக வேண்டாம், ஹோமும் ப்ரோவும் ஒரே வேகம்தான். மெமரிக்காகவும் வேண்டாம், ஹோமே 128 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும், நம்மில் யாரிடம் அவ்வளவு இருக்கிறது? பத்து இருபது கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்துகிற அலுவலகம், ஹைப்பர்-வியில் விண்டோஸுக்குள் இன்னொரு விண்டோஸ் ஓட்டிப் பார்க்கிறவர்கள், அப்டேட் எப்போது வர வேண்டும் என்பதைப் பாலிசி போட்டுத் தள்ளிவைக்க வேண்டியவர்கள், பிட்லாக்கரை டிரைவ் வாரியாகத் தாங்களே நிர்வகிக்க விரும்புகிறவர்கள், அப்புறம் என்னைப் போல எங்கிருந்தோ வந்து கதவைத் திறக்கச் சொல்கிறவர்கள். இதில் எதுவும் இல்லையென்றால் அந்த ஆறாயிரத்துக்கு ஒரு யுபிஎஸ் வாங்கலாம்.

போன மாதம் 18ஆம் தேதி தங்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவருக்கு ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து திரையை எட்டிப் பார்த்தார். “இது பெங்களூர்ல இருக்கறதா, இங்க இருக்கறதா?” என்றார். பெங்களூரில் இருப்பது என்றேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “அப்ப அன்னிக்கு ஏன் போன?” என்றார்.